தாயை மறைத்த தாரகை

கொட்டாஞ்சேனையில் மாதம் ஒருமுறை நாம் கூடும் பெண்கள் குழுவில் தையல் வேலையும் கதையும் ஒன்றாகவே நடக்கும். ஒருநாள் கதை பழைய படங்களின் பக்கம் திரும்பியது. பத்மினி, சாவித்திரி என்று போய்க்கொண்டிருந்தபோது, வன்னியிலிருந்து வந்து கொழும்பில் வேலை செய்யும் சகோதரி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, அந்த நாளையில இங்கிலிஷ் படத்தில எங்கட நாட்டு ஆக்கள் ஆரும் நடிச்சிருக்கினமே?"

எமது நாட்டு இரத்தம் ஓடிய ஒருவர் நடித்திருக்கிறார். சாதாரணமாக அல்ல, ஹொலிவூட்டின் முன்வரிசையிலேயே நின்றிருக்கிறார். ஆனால் அதை அவர் சாகும்வரை வெளியே சொல்லவில்லை. அவர் பெயர் மேர்ல் ஓபரன். அன்று தையலை நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்ட அந்தக் கதையை வாசக சகோதரிகளுக்கும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

1911 பெப்ரவரி 19இல் பம்பாயில் பிறந்தவர் அவர். வீட்டில் குயீனி என்று அழைத்தார்கள். அவரை வளர்த்த சார்லட் செல்பி இலங்கையைச் சேர்ந்த கலப்பினப் பெண், மாநிறத்தவர். சார்லட்டைத்தான் குயீனி தன் தாய் என்று நம்பி வளர்ந்தார். உண்மையில் சார்லட் அவருக்கு அம்மம்மா. பெற்றவள் சார்லட்டின் மகள் கொன்ஸ்ரன்ஸ், அப்போது பதினைந்து வயதுகூட ஆகாத சிறுமி. அந்தச் சிறுமிக்கு என்ன நடந்தது என்று அந்தக் காலத்தில் எவரும் கேட்கவில்லை. குடும்ப மானத்தைக் காப்பாற்ற அம்மம்மா அம்மாவானாள், அம்மா அக்காவானாள். இப்படியான ஏற்பாடுகள் எமது கிராமங்களிலும் நடந்திருக்கின்றன. ஆற்றுப்படுத்தல் வேலைக்குப் போன இடங்களில் நானே கேட்டிருக்கிறேன்.

தகப்பன் ஆங்கிலேயர், ரயில்வேயில் வேலை செய்தவர். முதலாம் உலகப் போருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. 1917இல் சார்லட் பிள்ளையுடன் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே பெயர்பெற்ற லா மார்ட்டினியர் பாடசாலையில் குயீனிக்கு இடம் கிடைத்தது. ஆனால் கலப்பினப் பிள்ளை என்ற கேலி தாங்காமல் படிப்பை விட்டு வீட்டோடு இருந்தார். பிறகு தொலைபேசி நிலையத்தில் வேலை, ஓய்வு நேரத்தில் நாடகம். 1920களின் கடைசியில் சார்லட்டையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார்.

லண்டனில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்துக்கொண்டிருந்தவரைத் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா கண்டெடுத்தார். 1933இல் எட்டாம் ஹென்றி மன்னனைப் பற்றிய படத்தில் அரசி ஆன் பொலினாகச் சில நிமிடங்களே வந்தார். அது போதுமாக இருந்தது. 1935இல் வெளிவந்த 'த டார்க் ஏஞ்சல்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1939இல் லோரன்ஸ் ஒலிவியருடன் நடித்த 'வதறிங் ஹைட்ஸ்' இன்றும் பேசப்படுகிறது. அதே வருடம் கோர்டாவையே மணந்தார். அதன் பின் வந்த கல்யாணங்கள் மூன்று. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

நான் சொல்லவந்தது வேறு. பட நிறுவனம் அவருக்குப் புதுப் பிறப்பிடம் ஒன்று கொடுத்தது. அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் ஹோபார்ட் நகரில், வெள்ளைக்காரக் குடும்பத்தில் பிறந்தவராம். யாரும் போய்ப் பார்க்கமுடியாத தூரம், விசாரிக்கமுடியாத ஊர். அந்தப் பொய்யில் சார்லட்டின் நிறத்துக்கு இடமில்லை. ஆகவே வீட்டுக்கு வந்தவர்களிடம் சார்லட்டைத் தன் வேலைக்காரி என்று சொன்னார் மேர்ல். அவரது வாழ்க்கையை ஆராய்ந்து எழுதியவர்கள் இதைத்தான் கூறுகின்றனர். 1937இல் சார்லட் இறந்தார்.

இதை முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவள்போல் வளர்த்தவளை இப்படிச் செய்யலாமா? பிறகு, அந்த நாட்டுச் சட்டங்கள் அன்று எப்படி இருந்தன என்று தேடிப் பார்த்தேன். இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமை பெறமுடியாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்திருந்தது. அந்த நிலை 1946 வரை நீடித்தது. 1934 முதல் இறுக்கமாக நடைமுறைக்கு வந்த ஹொலிவூட்டின் ஒழுக்கக்கோவை, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான உறவைத் திரையில் காட்டுவதையே தடைசெய்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் குயீனி கதாநாயகியாகியிருக்க முடியாது. கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் வெள்ளவத்தையில் வாடகை அறை தேடி அலைந்தபோது "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு வாய்க்கு வந்த ஊரைச் சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பொய்க்காரிகள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. 2007 ஜூன் 7இல் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதை நாம் மறக்கவில்லைதானே.

மறைத்து வாழ்வது சுலபமாக இருக்கவில்லை. நிறத்தை வெளுப்பாக்கும் பூச்சுகளால் அவரது முகத் தோல் பழுதடைந்தது. 1937இல் நடந்த கார் விபத்தின் தழும்புகளும் இருந்தன. பின்னாளில் அவரை மணந்த ஒளிப்பதிவாளர் லூசியன் பலர்ட், அந்த முகத்துக்காகவே கமெராவின் பக்கத்தில் பொருத்தும் சிறு விளக்கொன்றை அமைத்தார். அவர் பெயரைச் சுருக்கி 'ஓபி' என்று அழைக்கப்படும் அவ்வகை விளக்கு இன்றும் சினிமாவில் பாவனையில் உண்டு.

1949இல் அவர் செய்த ஒரு காரியந்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. சார்லட்டின் பழைய புகைப்படம் ஒன்றை ஓவியரிடம் கொடுத்து எண்ணெய் ஓவியமாக வரைவித்தார், தோலின் நிறத்தை மட்டும் வெளுப்பாக்கச் சொல்லி. அந்த ஓவியம் அவர் குடியிருந்த வீடுகளிலெல்லாம் கூடவே இருந்தது. உயிரோடு இருந்தபோது வரவேற்பறையில் உட்காரமுடியாதவள், வேறு நிறத்தோடு சுவரில் இடம்பிடித்தாள்.

கொன்ஸ்ரன்ஸுக்குப் பின்னர் பிறந்த மகன் ஒருவர் பம்பாயில் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தார். மேர்ல் தனக்குச் சின்னம்மா அல்ல, அக்கா என்று அறிந்து அமெரிக்காவுக்குச் சந்திக்கப் போனார். மேர்ல் சந்திக்க மறுத்துவிட்டார். 1978இல் ஹோபார்ட் நகரம் தன் 'மகளுக்கு' வரவேற்பு வைத்தது. உடல்நிலை சரியில்லை என்று இடையிலேயே விலகிக்கொண்டார். அடுத்த வருடம் நவம்பரில் காலமானார். 1983இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூல்தான் அவர் இந்தியாவில் பிறந்தவர் என்பதை உலகுக்குச் சொன்னது. 2023இல் மலேசியாவில் பிறந்த மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஒஸ்காரை வென்றபோது, பத்திரிகைகள் மேர்லின் பெயரையும் அவரது இனத்தோடு சேர்த்து எழுதின.

1983 என்று நான் சொன்னதும் மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த சகோதரி நிமிர்ந்தார். அந்த ஆடியில் அவருக்கு எட்டு வயது, வெள்ளவத்தையில் வீடு. "றோட்டில போகேக்க அப்பா எண்டு கூப்பிடக்கூடாது, சிங்களத்தில மாதிரி தாத்தா எண்டு கூப்பிட வேணும் எண்டு அம்மா சொல்லித் தந்தவ. பொட்டையும் அழிச்சுப்போட்டுத்தான் வந்தவ. எனக்குப் பயத்தில தாத்தா எண்டு வாய் வரேல்ல. அம்மாவை மட்டும்தான் கூப்பிட்டன். அது ரண்டு பாசையிலயும் ஒண்டுதானே" என்றார்.

பிறகு நூலைப் பல்லால் அறுத்துவிட்டுச் சொன்னார்: "பாவம் அந்த மனுசி. பிள்ளையின்ர சிநேகிதருக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துப்போட்டுக் குசினிக்குள்ளதானே நிண்டிருக்கும்."