உச்சஸ்தாயியில் ஒரு கிறிஸ்துமஸ்: உங்களுக்குத் தெரியுமா?

டிசம்பர் பிறந்தால் போதும், மேல்நாட்டு இசை ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் கீதம் என்றால் தேவாலயத்தில் பாடகர் குழு அடக்கமாகப் பாட வேண்டும், ஓபரா பாடகர்கள் தொட்டால் கெட்டுப்போகும் என்பது ஒரு கட்சி. 'ஓ ஹோலி நைட்' பாட்டை ஓபராக் குரலில் கேட்காதவர் அதைக் கேட்டதாகவே சொல்லக் கூடாது என்பது மறு கட்சி. இந்தச் சண்டையைச் சுற்றிக் கொஞ்சம் துணுக்குகள்...

✦ 'ஓ ஹோலி நைட்' பாட்டுக்கு மெட்டுப் போட்டவரே ஓபராக்காரர்தான். பாரிஸைச் சேர்ந்த அடோல்ஃப் ஆடம். 1841-ல் வந்த 'ஜிசெல்' பாலே நடனத்துக்கு இசையமைத்தவர் என்றால் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியும். 1836-ல் அவர் போட்ட 'லோன்ஜுமோவின் தபால் வண்டிக்காரன்' என்ற ஓபராவில் கதாநாயகன் எட்ட வேண்டிய ஓர் உச்ச ஸ்வரம் உண்டு. டெனார் (உச்ச ஆண் குரல்) பாடகர்கள் இன்றைக்கும் அதைத் தொட்டுக் காட்டித்தான் கைதட்டல் வாங்குகிறார்கள். அப்படிப்பட்டவர் போட்ட கிறிஸ்துமஸ் மெட்டு தாலாட்டு மாதிரியா இருக்கும்?

✦ பாட்டை எழுதியவர் ஒயின் வியாபாரி! தெற்குப் பிரான்ஸில், ரோன் ஆற்றங்கரையில் உள்ள ரோக்மோர் என்ற சிற்றூர்க்காரர். பெயர் பிளாசித் கப்போ. சிறுவயதில் துப்பாக்கி விபத்தில் ஒரு கையைப் பறிகொடுத்தவர். வியாபாரத்துக்கு நடுவே கவிதையும் எழுதுவார். ஊர்ப் பாதிரியார் கேட்டுக்கொண்டதற்காக, 1847 டிசம்பரில் பாரிஸுக்குப் போகும் குதிரை வண்டியில் உட்கார்ந்தபடியே எழுதி முடித்தார் என்கிறார்கள். ஆங்கிலத்தில் நாம் கேட்பது மொழிபெயர்ப்புதான். பாஸ்டன் நகர இசை விமர்சகர் ஜான் சல்லிவன் டுவைட் 1855-ல் செய்தது. அவர் அடிமை முறையை எதிர்த்தவர். அடிமையும் நம் சகோதரனே என்று சொல்லும் சரணத்தில் அவருடைய ஈடுபாடு நன்றாகவே தெரியும்.

✦ முதலில் பாடியது யார்? இதுதான் முக்கியம். எமிலி லோரே என்ற ஓபரா பாடகி! அவருடைய கணவர் ரோக்மோரில் ரோன் ஆற்றுக்குப் பாலம் கட்ட வந்த பொறியாளர். அந்தப் பழக்கத்தில்தான் கப்போவின் கவிதை பாரிஸில் ஆடமின் கைக்குப் போனது. 1847 கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில், அந்தச் சின்ன ஊர்க் கோயிலில், எமிலியே பாடினார். ஓபராக் குரலில் இந்தப் பாட்டைப் பாடுவதே தப்பு என்று வாதாடுகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்களோ!

✦ எதிர்ப்பும் பாட்டோடு கூடவே பிறந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் திருச்சபை இசை வட்டாரத்தில் பலருக்கும் இதைக் கண்டால் ஆகாது. நாடக மேடை வாடை அடிக்கிறது என்றார்கள். போதாக்குறைக்குக் கப்போ பிற்காலத்தில் சோஷலிசக் கருத்துகள் பக்கம் சாய்ந்து, திருச்சபையை விமர்சிக்கவும் ஆரம்பித்தார். 'ஆடம் யூதர், அதனால்தான் எதிர்த்தார்கள்' என்று ஒரு கதை இன்றும் சுற்றி வருகிறது. அது பொய், ஆடம் யூதர் அல்லர். பெரியவர்கள் என்ன சொன்னால் என்ன, ஜனங்களுக்குப் பாட்டு பிடித்துவிட்டது. அதற்கு மேல் யார் தடுக்க முடியும்?

✦ கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இந்தப் பாட்டு கிட்டத்தட்ட ஒரு பரீட்சை. எர்னெஸ்ட் கான்யோன் என்ற இசைக்கலைஞர் 1858-ல் பிரான்ஸிலிருந்து அங்கே கொண்டுபோனார். அதன்பிறகு நள்ளிரவுத் திருப்பலியில் 'மினுய் கிரெத்தியான்' (பாட்டின் பிரெஞ்சுப் பெயர்) பாடுவதற்குத் தேர்ந்தெடுக்கப்படுவது ஊரிலேயே பெரிய கௌரவம் ஆகிவிட்டது. கடைசியில் இஷ்டப்பட்டால் மேலே போகலாம் என்று ஓர் உச்ச ஸ்வரம் இருக்கிறது. பாடுகிறவர் அதற்குப் போகிறாரா, தழைந்து வந்துவிடுகிறாரா என்று கூட்டம் காத்துக்கொண்டிருக்கும். கோயிலுக்குள் கை தட்ட முடியாது, தீர்ப்பெல்லாம் வாசலில்தான்.

✦ 'குரல் பிரமாதம், ஆனால் ஒரு வார்த்தை புரியவில்லையே!' ஓபரா பாடகர்கள் கிறிஸ்துமஸ் கீதம் பாடும்போது ரசிகர்கள் வைக்கும் முதல் குற்றச்சாட்டு இதுதான். நம் மார்கழி சபாக்களில் 'சாகித்யமே காதில் விழவில்லை' என்று முணுமுணுப்போமே, அதே ரகம். ஆனால் அங்கே இதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது.

ஓபரா பாடகருக்கு மைக் கிடையாது. அறுபது எழுபது பேர் வாசிக்கும் வாத்தியக் குழுவைத் தாண்டி, கடைசி வரிசை வரைக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். எப்படிப் போகிறது? ஸ்வீடன் விஞ்ஞானி யோஹான் சுந்த்பெரி 1970-களில் இதை அளந்து பார்த்தார். வாத்தியக் குழுவின் ஒலி பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. மேலே போகப் போகக் குறைந்துவிடுகிறது. பயிற்சி பெற்ற ஆண் ஓபராக் குரலிலோ 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தனியாக ஒரு மேடு எழும்புகிறது. குரல்வளையைத் தாழ்த்தி, தொண்டையை அகலமாக்கிப் பாடுவதால் கிடைக்கும் மேடு அது. வாத்தியங்கள் பலமிழந்த இடம். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் அதுவே. கத்தாமலே குரல் மிதந்து வருவதன் ரகசியம் இவ்வளவுதான்.

பெண் குரலில் கதை வேறு. சொப்ரானோ (உச்சப் பெண் குரல்) பாடகி மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஸ்வரம் வலுவாகக் கேட்பதற்காகத் தாடையை நன்றாகத் திறந்தாக வேண்டும். தாடை திறந்தால் 'இ' என்ன, 'உ' என்ன, எல்லாமே 'ஆ' மாதிரிதான் கேட்கும். அங்கே பாடகியின் உச்சரிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த உயரத்தில் யார் பாடினாலும் உயிரெழுத்துகளைப் பிரித்துக் கேட்பது கஷ்டம். கீழ் ஸ்தாயியிலும் வார்த்தை புரியவில்லை என்றால் தாராளமாகத் திட்டலாம்!

✦ இரண்டாவது குற்றச்சாட்டு, குரல் நடுக்கம். ஓபராக் குரல் ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போதும் நொடிக்கு ஐந்து முதல் ஏழு தடவை மேலும் கீழும் அசையும். வைப்ரேட்டோ என்பார்கள். ஓபரா அரங்கில் அது அழகு; எளிமையான கிறிஸ்துமஸ் கீதத்தில் பலருக்கு அது உறுத்துகிறது. குறிப்பாக ஆங்கிலேயர்களுக்கு. காரணம் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. அங்கே 1918-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் வழிபாட்டை 1928 முதல் பிபிசி வானொலி ஒலிபரப்பி வருகிறது (1930 மட்டும் விடுபட்டது). தொடக்கப் பாட்டின் முதல் சரணத்தை ஒரே ஒரு சிறுவன் தனியாகப் பாடுவான். யார் அந்தச் சிறுவன் என்பது கடைசி நிமிடம் வரை அவனுக்கே தெரியாது. முன்கூட்டிச் சொன்னால் பயந்துவிடுவானாம்! அந்த அசையாத, தெளிந்த குரலைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய காதுக்கு ஓபரா நடுக்கம் ஒத்துக்கொள்ளாததில் வியப்பில்லை.

✦ இந்தச் சண்டையில் மூன்றாவது ஆள், மைக். 1942-ல் அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டை ஒலித்தட்டில் பாடியபோது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடினார். மைக் இல்லாமல் அந்தப் பாணியே சாத்தியமில்லை. அதன்பிறகு கிறிஸ்துமஸ் பாட்டு என்றாலே ரகசியக் குரலில் கொஞ்ச வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். ஓபரா பாடகர்களும் இறங்கி வந்தார்கள். அமெரிக்க சொப்ரானோ ரெனே ஃப்ளெமிங் 2014-ல் வெளியிட்ட 'கிறிஸ்துமஸ் இன் நியூயார்க்' ஆல்பத்தில் ஓபராக் குரலை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஜாஸ் பாணியில் பாடினார். வேல்ஸ் நாட்டு பிரின் டெர்ஃபெல் இன்னும் ஒரு படி மேலே போய், 1977-ல் காலமான கிராஸ்பியின் பழைய பதிவோடு தன் குரலைச் சேர்த்து 2010-ல் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டையே ஜோடியாகப் பாடிவிட்டார்.

✦ மைக் வருவதற்கு முன்னால்? இத்தாலியின் ஓபரா பாடகர் என்ரிகோ கரூசோ 'ஓ ஹோலி நைட்' பாட்டை 1916-லேயே பிரெஞ்சு மொழியில் ஒலித்தட்டில் பாடியிருக்கிறார். ஒலிப்பதிவு அறையில் ஒரு பெரிய புனல். அதற்குள்தான் பாட வேண்டும். புனலின் மறுமுனையில் இருக்கும் ஊசி மெழுகுத் தட்டில் கீறிக்கொண்டே போகும். மெல்லிய குரல் பதிவாகாது. உச்சத்துக்குப் போகும்போது பாடகர் கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பதிவு கெட்டுவிடும். அந்தக் காலத்து ஒலித்தட்டுகளில் ஓபராக் குரல்கள் கோலோச்சியதற்கு இந்தப் புனலும் ஒரு காரணம்.

✦ வானொலியில் முதன்முதலாக ஒலித்த பாட்டும் இதுதான் என்று படித்திருப்பீர்கள். 1906 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் வானொலி முன்னோடி ரெஜினால்ட் ஃபெஸ்ஸண்டன் வயலினில் வாசித்து ஒலிபரப்பினார் என்பது கதை. அவரே அதை எழுதியது 1932-ல்தான். அதற்கு முந்தைய ஆதாரம் கிடைக்காததால் வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். துணுக்கு எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தக் கதையை விட மனசு வராது!

✦ எதிரிப் படையிடமே கைதட்டல் வாங்கியவர் ஒருவர் உண்டு. 1914, முதல் உலகப்போரின் முதல் கிறிஸ்துமஸ். பெர்லின் அரசவை ஓபராவின் டெனார் பாடகர் வால்டர் கிர்ஷாஃப் பதுங்குகுழிக்கே வந்து ஜெர்மன் வீரர்களுக்காகப் பாடினார். எதிரே இருந்த பிரெஞ்சு வீரர்கள் தங்கள் பதுங்குகுழியின் விளிம்பில் ஏறி நின்று, இன்னொரு முறை பாடும் வரை கை தட்டினார்களாம். அப்போது வார்த்தை புரியவில்லை என்று யாரும் குறைபட்டதாகத் தெரியவில்லை! 2005-ல் வந்த 'ஜுவாயே நோயெல்' திரைப்படத்துக்கு இந்தச் சம்பவமும் ஒரு தூண்டுகோல். படத்தில் நடிகர்கள் வாயசைக்க, பாடியவர்கள் ரோலாண்டோ வில்லஸோனும் நத்தாலி டெஸ்ஸேயும். இருவரும் நிஜ ஓபரா நட்சத்திரங்கள்.

✦ அதே போரில் ஓபரா பாடகி எர்னஸ்டின் ஷூமன்-ஹைங்கின் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். மூத்தவர் ஜெர்மன் கடற்படையில். தம்பிகள் அமெரிக்கப் படைகளில். மூத்தவர் திரும்பவில்லை. அந்தத் தாய் அன்றைய ஓபரா உலகின் மிகப் பெரிய கான்ட்ரால்டோ (தாழ்ந்த பெண் குரல்) பாடகி. 1926 முதல் 1935 வரை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்க வானொலியில் 'சைலன்ட் நைட்' பாடினார். கடைசியாகப் பாடியபோது வயது 74. குரல் தளர்ந்திருந்தது என்றாலும் நேயர்கள் வேறு யாரையும் கேட்கவில்லை. 'இந்த அம்மா பாடினால்தான் கிறிஸ்துமஸ்' என்று ஒரு நாடே வானொலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தது. சங்கீத விமர்சகர்களின் அளவுகோலுக்கெல்லாம் அங்கே வேலையே இல்லை.

✦ 'சைலன்ட் நைட்' பிறந்தபோது இருந்தது இரண்டே குரல், ஒரு கிட்டார். 1818 டிசம்பர் 24, ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப். பாடல் எழுதிய பாதிரியார் யோசஃப் மோர், மெட்டுப் போட்ட பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர், இருவருமே பாடினார்கள். இன்று முந்நூறுக்கு மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. நம் தேவாலயங்களில் தமிழிலும் பாடுகிறார்கள்.

✦ குழுத் தலைவர்கள் ரசனையும் பொதுஜன ரசனையும் ஒத்துப்போவதில்லை. சிறந்த கிறிஸ்துமஸ் கீதம் எது என்று பிபிசி இசை இதழ் 2008-ல் பாடகர் குழுத் தலைவர்களைக் கேட்டபோது, ஹெரால்ட் டார்க் இசையமைத்த 'இன் தி ப்ளீக் மிட்விண்டர்' முதலிடம் பிடித்தது. அடக்கமான, குழுவுக்கே உரிய பாட்டு. பிரிட்டனின் கிளாசிக் எஃப்எம் வானொலி தன் நேயர்களைக் கேட்கும்போதோ, பல ஆண்டுகள் முதலிடத்துக்கு வந்தது 'ஓ ஹோலி நைட்'!

✦ ரசிகர்கள் சண்டையை மறந்து ஒப்புக்கொள்ளும் ஆல்பங்களும் உண்டு. லியோன்டின் பிரைஸ் பாடி, ஹெர்பர்ட் வான் கரயான் நடத்த, வியன்னா பில்ஹார்மோனிக் வாசித்து 1961-ல் பதிவான 'எ கிறிஸ்துமஸ் ஆஃபரிங்' அதில் ஒன்று. மிசிசிப்பியில் இனப் பாகுபாட்டுக்கு நடுவே வளர்ந்த கறுப்பினப் பெண், ஐரோப்பாவின் உச்சாணி வாத்தியக் குழுவோடு பாடிய கிறிஸ்துமஸ் தட்டு.

✦ 2019 ஏப்ரலில் தீப்பிடித்த பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்திலிருந்து 2020 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் ஒரு கச்சேரி ஒளிபரப்பானது. நேரில் பார்வையாளர்கள் கிடையாது. சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்ததால், ஓபரா சொப்ரானோ ஜூலி ஃபூக்ஸ் உட்படப் பாடியவர்கள் தலையில் கட்டுமானத் தொழிலாளர் ஹெல்மெட்!

✦ கடைசியாக, ஸ்வீடன். அங்கே 'ஓ ஹோலி நைட்' பாட்டுக்குப் பெயர் 'ஓ ஹெல்கா நட்'. டெனார் பாடகர் யுஸ்ஸி பியோர்லிங் 1959-ல் ஸ்வீடிஷ் மொழியில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், 49 வயதில், இதய நோயால் காலமானார். வாத்தியக் குழுவை மீறிக் குரல் எப்படி மேலே வருகிறது என்பதைக் காட்ட சுந்த்பெரி எடுத்துக்கொண்ட குரல்களில் இவருடையதும் ஒன்று. ஸ்வீடனில் யார் இந்தப் பாட்டைப் பாடினாலும் பியோர்லிங்கோடு ஒப்பிடாமல் விடமாட்டார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் சொல்வது நியாயம்தான். உச்சத்துக்குப் போகும்போதும் வார்த்தை சிதையவில்லை, நடுக்கம் உறுத்தவில்லை, வித்தை காட்டுகிற தோரணை துளியும் இல்லை. ஓபராக்காரர்கள் கிறிஸ்துமஸ் கீதம் பாடி இதுவரை கேட்டதில்லை என்கிறவர்கள் இந்தப் பதிவிலிருந்து தொடங்குங்கள். கரூசோவை அதற்குப் பிறகு கேட்கலாம்.