இணையத்தளமும் இளந்தாயும்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். ஐந்தாந் திங்களில் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை; ஒன்பதாந் திங்களிற் கைகொட்டுவது சப்பாணி. இத்தகைய மாதக் கணக்கையே இக்காலத் தாய்மார் இணையத்தளங்களிற் பார்க்கின்றனர். முன்னர்ப் பாட்டியிடங் கேட்டறிந்தவற்றை இன்று கைத்தொலைபேசியிடங் கேட்கின்றனர். இம்மாற்றத்தைக் குறைகூறி வந்தவருள் நானும் ஒருவன்.

சென்ற ஆண்டு, இரண்டு மாதம் நிரம்பிய என் பேரனுக்கு ஓரிரவு உடல் கொதித்தது. வெப்பமானி 38 பாகை செல்சியஸைக் கடந்து நின்றது. மகள் கைத்தொலைபேசியில் விடை தேடினாள். முதலிற் கிடைத்த தமிழ்ப் பக்கம் கைம்மருந்து கூறி, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லிற்று. எழுதியவர் யார், எழுதிய காலம் எது என்னுங் குறிப்பு அதில் இல்லை. அடுத்து அவள் திறந்தது பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் ஆங்கிலப் பக்கம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெப்பம் 38 பாகையை எட்டினால் உடனே மருத்துவ உதவி நாடுமாறு அது அறிவுறுத்திற்று. “விடியட்டும், பிள்ளை” என்றேன் நான். “இல்லை அப்பா, இப்பவே போகவேணும்” என்றாள் அவள். வைத்தியசாலையிற் சில நாள் தங்கிக் குழந்தை நலம் பெற்றான். என் சொற்படி நடந்திருப்பின் என்னாகியிருக்கும் என எண்ண இன்றும் நெஞ்சம் நடுங்குகின்றது. ஆங்கிலம் அறியாத தாய்க்கு அவ்விரவு எவ்வாறு முடிந்திருக்கும்?

தவறான அறிவுரை தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று. குழந்தையை உறங்க வைக்கும் முறைபற்றி அமெரிக்க ஆய்வாளர் 1,300 ஆங்கில இணையப் பக்கங்களை ஆராய்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரைக்கு இயைந்தவை 43.5 வீதமே, முரணானவை 28.1 வீதம், எஞ்சியவை பொருளுக்குப் புறம்பானவை. அரசாங்கத் தளங்கள் பெரும்பாலும் பிழையின்றி இருந்தன. குப்புறக் கிடத்தும் வழக்கம் திடீர் மரணத்துக்கு ஏதுவாகலாம் ஆதலின், இது சிறு பிழையன்று.

ஆகவே, ஒரு தளத்தை நம்புமுன் மூன்றை நோக்குதல் வேண்டும். சொல்பவர் யார்? இறுதியாகத் திருத்திய நாள் எது? எந்நிலையில் வைத்தியரை நாடவேண்டும் என்பது தெளிவாகக் கூறப்பட்டுள்ளதா? மூன்றாவது இல்லாத பக்கம் எத்துணை அழகியதாயினும் ஆபத்தானது.

எனினும், தகவல் வேறு, துணை வேறு. நம் ஊர்க் குடும்பநல மாது வீடு தேடி வருகின்றார். குழந்தையின் நிறையை வளர்ச்சிப் பதிவேட்டிற் குறிக்கின்றார். தாயின் முகவாட்டத்தையும் கண்டு காரணம் வினவுகின்றார். அக்கண் இணையத்தளத்துக்கு இல்லை. நல்ல தளம் அவரிடமும் வைத்தியரிடமும் தாயை ஆற்றுப்படுத்தும்.

தமிழாசிரியர்க்கும் இதிற் கடமை உண்டு. வைத்தியரோடு அமர்ந்து, நள்ளிரவில் அஞ்சி நிற்கும் தாய்க்கும் விளங்குந் தமிழில் இவற்றை எழுதுதல் வேண்டும். பிள்ளையின் மழலையைப் பாடிய மொழிக்குப் பிள்ளையின் பிணியைத் தெளிவுறச் சொல்லும் ஆற்றல் இல்லாமற் போகவில்லை. முன்வந்து எழுதுவாரே வேண்டும்.