தலக்கோனாவில் ஐந்து நிமிஷம்

திருப்பதி, சித்தூர்ப் பக்கங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு மலை என்றால் திருமலை ஒன்றுதான். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அழைத்துக்கொண்டு மலையேறுவோம், லட்டுப் பிரசாதத்துடன் ரயிலேற்றி அனுப்புவோம், அத்துடன் சரி. அதே சேஷாசல மலைத்தொடரில், இரண்டு மணி நேரப் பயணத்தில், ஆந்திர மாநிலத்தின் மிக உயர்ந்த அருவிகளுள் ஒன்று விழுகிறது என்பதை, ரயில்வே குமாஸ்தாவாக இப்பகுதிக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே நாம் நேரில் கண்டோம் என்றால் நேயர்கள் நகைப்பர். நகைக்கட்டும்.

மேனாட்டார் விடுமுறைக் காலத்தில் கட்டிலும் அடுப்பும் பொருத்திய கேரவன் என்னும் வண்டியில் ஊர் ஊராகச் செல்வதுண்டு. நமக்கு ஏது அத்தகைய வண்டி? குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் மூன்று தமிழ்க் குடும்பத்தார் கூடிச் செலவைப் பங்கிட்டுக்கொண்டு, சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு வேனை இரண்டு தினங்களுக்கு வாடகைக்கு அமர்த்தினோம். பின்னிருக்கைகள் இரண்டைக் கழற்றிவிட்டு ஜமக்காளம் விரித்தோம். கேஸ் அடுப்பு, தண்ணீர்க் குடம், புளியோதரை, தயிர்ச்சாதம், கொசுவத்தி யாவும் ஏறின. பெரியவர் சிறியவர் பன்னிருவர். நம் தாயார், குழந்தைகளுக்கெல்லாம் ஆச்சி, எழுபத்திரண்டு வயதிலும் முன்னிருக்கையைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டார். அவர் மடியில் ஒரு பித்தளைத் தூக்கு. திருநெல்வேலியிலிருந்து கல்யாணச் சீராக வந்த தூக்கு அது. ஐம்பது ஆண்டுகளாக அவர் எந்தப் பயணத்திற்கும் அதை எடுக்காமல் புறப்பட்டதில்லை.

முதலில் கபிலதீர்த்தம். திருமலையின் அடிவாரத்தில், கோயில் குளத்திலேயே மலையருவி நேராக வந்து விழும் இடம். நாம் சென்றபோது சாந்தமாக விழுந்துகொண்டிருந்தது. இதே அருவி 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பெருமழையில் எவ்வாறு சீறிற்று என்பதைத் திருப்பதிவாசிகள் மறந்திரார். அந்த மழையிலே மலைப்பாதைகளில் பாறைகள் சரிந்தன. மலைத்தொடரின் வடபுறத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து உயிர்கள் பல மாண்டன. நந்தலூர், ராஜம்பேட்டை இடையே தண்டவாளத்தின் அடிமண் அரித்துச் செல்லப்பட்டு ரயில்கள் நின்றன. அந்நாட்களில் இரவும் பகலும் தொலைபேசியில் பயணிகளுக்குப் பதில் சொன்னவர்களுள் நாமும் ஒருவர். மலைநீர் இன்னதென்று நமக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. பின்னால் வரும் சங்கதிக்காகவே இதை முன்னால் எழுதுகிறோம்.

சந்திரகிரிக் கோட்டையை வண்டியிலிருந்தே பார்த்துவிட்டு, பாகராப்பேட்டைக் கணவாய் ஏறித் தலக்கோனா வழியைப் பிடித்தோம். தெலுங்கில் 'தல' என்றால் தலை. 'கோன' என்றால் மலையிடுக்கு. சேஷாசலத்தின் தலைப்பில் உள்ள இடுக்கு என்பது பெயர்க்காரணம். நம் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசுபவன். "தலை கோணலா, அப்பா?" என்று அவன் கேட்க, வண்டி முழுதும் சிரித்தது.

காட்டின் வாயிலில் சோதனைச் சாவடி. இது 1989 முதல் ஸ்ரீவேங்கடேசுவர தேசியப் பூங்கா. ஏறக்குறைய 353 சதுர கிலோமீட்டர். 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. செம்மரம் இயற்கையாக வளரும் இடங்கள் உலகிலேயே மிகச் சில. அவற்றுள் இக்காடு தலையாயது. ஆகையால் திரும்பும் வண்டிகளையும் திறந்து பார்க்கிறார்கள். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இம்மலைக்காட்டில் போலீசார் துப்பாக்கியால் சுட்டதில் மாண்ட இருபது பேரும் தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். நம் வண்டியில் தமிழ்ப் பேச்சு கேட்டதும் காவலர் ஒருமுறை உற்றுப் பார்த்தார், ஆச்சி அவருக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தார், அவரும் வாங்கிக்கொண்டார். காட்டினுள் தீ மூட்டலாகாது என்றார். அடுப்பு இறங்கவேயில்லை.

சித்தேசுவரர் கோயிலருகே வண்டியை நிறுத்திவிட்டுப் படிகளும் பாறைகளுமான பாதையில் நடக்கவேண்டும். வழியில் வடம் போன்ற ராட்சதக் கொடிகள் மரத்துக்கு மரம் தாவிச் செல்கின்றன. அவற்றின் காய் இரண்டு முழ நீளம். பாறையிடுக்குகளில் வாழும் பொன்னிறப் பல்லி இம்மலைக்குப் பேர்போனது. குழந்தைகள் தேடித் தேடிப் பார்த்தும் அது தரிசனம் தரவில்லை.

பாதையின் திருப்பத்தில் அருவி தோன்றிற்று. சுமார் 270 அடி உயரம். செங்குத்தாகச் செதுக்கிய சுவர்போல் பாறை. அதன் முகட்டிலிருந்து நீர் புறப்படும்போது நீராகத்தான் இருக்கிறது, பாதி வழியில் வெண்புகையாகிறது, கீழே வரும்போது மழையாகிறது. குற்றாலத்தில் அருவி நம் முதுகில் அறையும். இங்கே தலையில் பூத்தூவுகிறது. மூலிகைகளை அளைந்து வரும் நீர் என்று இவ்வூரார் இதைப் போற்றுகின்றனர். மூட்டுவலிக்காரரான நம் நண்பர் ஒருவர் அரைமணி நேரம் அசையாது நின்றார். வலி போயிற்றா என்று கேட்டோம். "வலி இருக்கிறது, கவலை போய்விட்டது" என்றார்.

நீராடியபின் சற்றுக் கீழே, ஓடை அகன்று மடுவாகத் தேங்கும் ஓரிடத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். பச்சைக் கண்ணாடி போன்ற நீர். அடிமணல் தெரிந்தது, முழங்காலளவே இருக்குமென்று தோன்றிற்று. நண்பரின் மைத்துனன், பதினேழு வயது, பாறைமேலிருந்து குதிக்க ஆயத்தமானான். அவ்வழியே வந்த வனக் காவலர் ஒருவர் அவனைத் தடுத்து, ஒரு நீண்ட மூங்கிலை வெட்டி நீருள் விட்டுக் காட்டினார். ஓரத்தில் முழங்காலளவு, இரண்டடி தள்ளியதும் மூங்கில் முழுதும் உள்ளே போயிற்று. நடுவில் ஓரிடத்திலோ ஒரு சாணுக்குக் கீழே பாறை மூக்கு! வெள்ளத்தில் உருளும் கற்கள் ஆண்டாண்டாகச் சுழன்று குடைந்த குழி அது. தெளிந்த நீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். பரீட்சையில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம்.

மணி இரண்டரை இருக்கும். நம் தலைக்குமேல் நல்ல வெயில். மகன் ஓடையின் நடுப்பாறைகளைத் தாண்டி அக்கரையில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஆச்சி தூக்கைக் கழுவி ஒரு கல்லின்மேல் கவிழ்த்துவிட்டு, நீரைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"ஏலே, தண்ணி மண்வாசனை அடிக்குது. சருகு வேற வருது. கிளம்பிருவோம்" என்றார்.

தாமிரபரணியில் நீந்தி வளர்ந்த செருக்கு நமக்கு. "அஞ்சு நிமிஷம் இரும்மா, பிள்ளை விளையாடட்டும்" என்றோம்.

அந்த ஐந்து நிமிஷம் நாம் கேட்டதே. வேறு எவர்மீதும் பழியில்லை.

இம்மலைப் பாறை மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதில்லை. விரிசல்களில் சிறிது கசியும். மற்றதெல்லாம் சரிவில் இறங்கி ஓடைக்கு வந்துவிடும். மேலே காட்டில் பெய்யும் மழையின் ஒலிகூட இடுக்கின் அடியில் கேட்பதில்லை. வானமும் ஒரு கீற்றளவே தெரியும். ஆகவே கீழே வெயில் காயும்போதே மேல்வெள்ளம் வந்துவிடுகிறது. இதெல்லாம் பிற்பாடு காவலர் சொல்ல அறிந்தோம். அப்போது அறிந்தது, "மேலே வாங்க! பிள்ளையைக் கூப்பிடுங்க!" என்ற அவர் குரல் ஒன்றே. திரும்பிப் பார்த்தால் பச்சை நீர் தேநீர் நிறமாகியிருந்தது. மகன் திரும்பி வரவேண்டிய மூன்று பாறைகளுள் நடுப்பாறையின்மேல் நீர் புரளத் தொடங்கிற்று.

அவன் ஓடி வர எத்தனித்தான். காவலர் அவனை அங்கேயே நிற்கச் சொல்லிக் கையமர்த்தினார். தாம் சற்று மேலே ஓடி, ஓடை குறுகுமிடத்தில் கடந்து அக்கரை சேர்ந்து, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைமேட்டில் ஏறிவிட்டார். நாம் இக்கரையில். ஓடிய செருக்கு எங்கே ஓடிற்றோ தெரியாது, கால்கள் நடுங்கின. நாம் உட்கார்ந்து உண்ட பாறையும் மறைந்தது. தூக்கு ஒருமுறை மிதந்து, சுழன்று, போய்விட்டது. வெள்ளம் வடிந்து பிள்ளை கைக்கு வர ஒன்றரை மணி நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் அக்கரையில் அவன் அந்தக் காவலருக்குத் தமிழ்ப் பாட்டுப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தானாம். ஆச்சி நம்மை ஒரு வார்த்தையும் கடியவில்லை. கடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நிற்க. அன்றிரவு தாமலசெருவு அருகே ஒரு மாந்தோப்பில், உடையவரிடம் அனுமதி பெற்று வண்டியை நிறுத்தி உறங்கினோம். மறுநாள் சித்தூர், பலமனேர் வழியாகக் கைகல் அருவி. கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. துமுகுராள்ளு, அதாவது குதிக்கும் கற்கள், என்பது உள்ளூர்ப் பெயர். சுமார் 40 அடிதான். ஆயினும் அகன்ற பாறைகளின்மேல் பரந்து விழும் அழகு தனி. இச்சரணாலயத்து யானைகள் 1980களில் தமிழ்நாட்டு, கர்நாடகக் காடுகளிலிருந்து வந்து தங்கியவை. நம்மைப் போலவே பிழைப்புத் தேடி வந்தவை என்றார் நண்பர்.

அங்கே நாம் யாவரும் கரையோரத்திலே அமர்ந்து காலை மட்டும் நனைத்தோம். மைத்துனன் முதலில் ஒரு கழியை விட்டு ஆழம் பார்த்தான். மகன் ஒரு கை நீரை அள்ளி ஆச்சியிடம் கொண்டுவந்து நீட்டினான். அவர் முகர்ந்து பார்த்து, "இப்ப போ" என்றபின்தான் இறங்கினான்.

தலக்கோனாக் காவலரிடம் நம் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். மாதம் மூன்றாகிறது. தாயார் வாரத்திற்கொரு முறை, "அந்தத் தம்பி போன் பண்ணினாரா?" என்று கேட்கிறார். தூக்கைப் பற்றியா, தம்பியைப் பற்றியா என்று நாம் கேட்பதில்லை.