கண்ணில் தெரியும் குறை மூளையிலும் இருக்கலாம்

மூதூரில் யாருக்காவது பார்வை மங்கினால் நாம் முதலில் சொல்வது "வெள்ளெழுத்தாக இருக்கும்", இல்லையென்றால் "சீனி கூடியிருக்கும்". பல நேரம் அது சரிதான். ஆனால் எப்போதும் அல்ல. எனது மாமிக்கு நேர்ந்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு கடும் தலையிடி என்று படுத்தார். காலையில் வலது இமை விழுந்திருந்தது. இமையைத் தூக்கிவிட்டால் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். நீண்டகாலச் சீனி நோயாளி என்பதால், கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று இரண்டு நாள் வீணாக்கினோம். மூன்றாம் நாள் பார்த்த வைத்தியர் ஒரு டோர்ச்சை மட்டுமே எடுத்தார். வலது கண்மணி பெரிதாக விரிந்திருந்தது. வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை. உடனே திருகோணமலைக்கு அனுப்பினார். ஸ்கேனில் மூளையின் இரத்தக் குழாயொன்றில் வீக்கம் தெரிந்தது. அது வெடிக்கும் முன் சிகிச்சை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

டோர்ச் வெளிச்சத்தில் அவர் எதைக் கண்டார்? இமையைத் தூக்குவது, கண்ணை அசைப்பதில் பெரும்பகுதி, கண்மணியைச் சுருக்குவது எல்லாம் மூன்றாவது மண்டையோட்டு நரம்பின் வேலை. கண்மணியைச் சுருக்கும் நார்கள் அந்த நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. வெளியிலிருந்து வீக்கம் அழுத்தினால் அவை முதலில் பாதிக்கப்படும். சீனி நோயோ நரம்பின் உட்பகுதிக்குப் போகும் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. அதனால் இமை விழுந்தாலும் கண்மணி பெரும்பாலும் வழமைபோல் இருக்கும். ஆனாலும் இதை வீட்டில் நாமே தீர்மானிக்கக் கூடாது.

வேறு சில அடையாளங்களும் உண்டு. ஒரு கண்ணை மூடியதும் இரட்டைப் பார்வை மறைந்தால், இரு கண்களும் ஒன்றாக அசையவில்லை என்று பொருள். கழுத்து வலியோடு ஒரு கண்மணி திடீரெனச் சிறுத்து இமையும் சற்றுத் தாழ்ந்தால், கழுத்து இரத்தக் குழாயில் கிழிவு இருக்கலாம். இரவில் தரையில் படுத்தவருக்குக் காலையில் இரண்டு இமைகளும் விழுந்து வயிற்றுவலியும் இருந்தால், கட்டுவிரியன் தீண்டியிருக்கலாம். அதன் கடி வலிக்காமலும் இருக்கும், தடயம் தெரியாமலும் போகும்.

வீணாகப் பயப்படவும் வேண்டாம். ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்குக் கண்மணிகளில் சிறு வித்தியாசம் இயல்பாகவே இருக்கும். பழைய அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வித்தியாசம் புதியதா பழையதா என்று வைத்தியர் அதில் பார்ப்பார். எப்போது தொடங்கியது, கண்ணுக்கு என்ன சொட்டு மருந்து விட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்துகளும் உண்டு.

ஒரு காலத்தில் நோயாளியை லோஞ்சில் ஏற்றிக் குடாவைக் கடந்தோம். இன்று பாலங்கள் இருக்கின்றன. 1990ஐ அழைத்தால் சுவசெரிய வண்டி இலவசமாக வருகிறது. திடீரென இமை விழுந்தால், பார்வை இரட்டித்தால், ஒரு கண் இருண்டால், கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். நாங்கள் இழந்த இரண்டு நாட்களை நீங்கள் இழக்க வேண்டாம்.