கல்லூரிச் சேமிப்பை எடுத்தால் வரி வருமா?

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் கட்டப் பத்து நாள்தான் கெடு. அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தும், ‘எடுத்தால் வருமான வரி பிடிப்பார்கள்’ என்ற பேச்சை நம்பி வட்டிக்குக் கடன் தேடும் பெற்றோர் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை.

செல்வமகள் கணக்கில் எடுக்கும் அசலுக்கும் வட்டிக்கும் வரி கிடையாது. மகள் பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலோ, 18 வயது நிறைந்திருந்தாலோ மேற்படிப்புக்குப் பணம் எடுக்கலாம். முந்தைய மார்ச் 31 அன்று இருந்த தொகையில் பாதிதான் உச்சவரம்பு. 4 லட்சம் இருந்தால் 2 லட்சம் வரை எடுக்கலாம். ஆனால் கட்டணம் 80,000 ரூபாய் என்றால் அவ்வளவுதான் தருவார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாக, ஐந்து ஆண்டுகள் வரை தவணையாகவும் பெறலாம்.

படிப்புச் செலவுக்காகக் கிடைக்கும் கல்வி உதவித்தொகைக்கும் வரி இல்லை.

வங்கியில் போட்ட நிரந்தர வைப்புத்தொகை மட்டும் வேறு கணக்கு. விளைச்சல் வருமானத்துக்கு உள்ள வரிவிலக்கு வைப்புத்தொகை வட்டிக்குப் பொருந்தாது. மகளுக்கு 18 வயது ஆகும்வரை, அவள் பெயரில் உள்ள வைப்பின் வட்டியும் பெற்றோர் வருமானத்தோடு சேரும். வேளாண்மை அல்லாத வருமானம் எல்லாம் சேர்ந்தும் விலக்கு வரம்புக்குள் இருந்தால் வரி கட்ட வேண்டியதில்லை.

சேர்க்கைக் கடிதம், கட்டணச் சீட்டு, கணக்குப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அஞ்சலகம் செல்லுங்கள். மகளுக்கு 18 வயது நிறைந்திருந்தால் அவரே கையெழுத்திட வேண்டும். உடன் அழைத்துச் செல்லுங்கள். உதவித்தொகை ஆணையின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.