வீட்டுக்குக் கம்ப்யூட்டரா? முதல்ல உடம்பை அளந்துக்கோங்க!

"பொண்ணு காலேஜ்ல சேர்ந்தாச்சு. ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்..."

இந்தப் பேச்சு இப்போது எந்த வீட்டில்தான் இல்லை? கீழ் கோத்தகிரி போன்ற மலைக் கிராமங்களிலும் இதே பேச்சுதான். பச்சைத் தேயிலை விற்ற காசைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு கோத்தகிரிக்கோ, மேட்டுப்பாளையத்துக்கோ, கோயம்புத்தூருக்கோ கிளம்புகிறார்கள். கடைக்காரர் ராம், பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு என்று அடுக்குவார். இவர்களும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள்.

'சித்த வைத்தியருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? இருக்கிறதே! கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆனால் கடைக்குப் போகும். அதன் முன்னால் உட்கார்ந்தவர் ரிப்பேர் ஆனால் எங்களிடம்தானே வருகிறார்? முன்பெல்லாம் கழுத்து வலி என்று வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். தேயிலை மூட்டையைத் தலையில் சுமந்தவர்கள். இப்போது பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பிடரியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கேட்டால், கட்டிலில் கவிழ்ந்து படுத்து செல்போனிலும் லேப்டாப்பிலும் படிப்பு!

அதனால்தான் சொல்கிறேன். கடைக்குப் போவதற்கு முன், யார் உட்காரப் போகிறார்களோ அவர்களுடைய உடம்பை அளந்துகொள்ளுங்கள்.

அவரவர் கையால் எட்டுச் சாண்

'எண்சாண் உடம்பு' என்கிறோமே, அந்த எட்டுச் சாண் யாருடைய சாண்? அவரவர் கையால் அவரவர் உடம்பு எட்டுச் சாண். சித்த மருத்துவத்தில் இதையே 96 விரற்கடை என்றும் கணக்கிடுவோம். என் கையால் உங்களை அளந்தால் கணக்குத் தப்பிவிடும். கம்ப்யூட்டருக்கும் இதே நியாயம்தான்.

ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, கையை முன்னால் மடக்குங்கள். கை நிற்கும் அந்த உயரம்தான் கீபோர்டின் உயரம். அடுத்து, கையை நேராக நீட்டுங்கள். விரல் நுனி போய்ச் சேரும் இடம்தான் திரை இருக்க வேண்டிய தூரம். இப்போது குனியாமல் நேரே பாருங்கள். கண் மட்டத்திலோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ திரையின் மேல் விளிம்பு வர வேண்டும்.

இந்த மூன்றையும் டேப் வைத்து அளந்து, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பையனும் அப்பாவும் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறார்களா? பையன் உட்காரும்போது நாற்காலியை உயர்த்தி, காலுக்குக் கீழே ஒரு மணைப் பலகை போடுங்கள். கால் தொங்கினால் தொடை மரத்துப் போகும். முதுகும் வளையும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்ட பெரியவர்கள் திரையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தே பிடரி பிடித்துக்கொள்ளும்.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

மூன்று அளவையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு லேப்டாப்பைப் பாருங்கள். அதில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்குச் சரியாக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும்.

குனிந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நியூயார்க்கின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014ல் ஒரு கணக்குப் போட்டார். தலை 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் சுமார் 12 கிலோ. 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ! ஒரு தேயிலை மூட்டையையே கழுத்தில் ஏற்றிய மாதிரி.

கழுத்தெலும்புத் தேய்வை நாங்கள் 'சகன வாதம்' என்ற பெயரில் பார்க்கிறோம். வாத நோய்க்குக் குளிர் ஆகாது. மலைக்குளிரில் குனிந்த கழுத்தோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் வலி சீக்கிரமே எட்டிப்பார்க்கும்.

ஆகவே, வீட்டில் ஒரே இடத்தில் வைத்துப் பயன்படுத்துவதற்கு டெஸ்க்டாப்தான் என் சிபாரிசு. பிள்ளை ஹாஸ்டலுக்கு எடுத்துப் போக வேண்டும் என்றால் லேப்டாப்பைத் தவிர வழியில்லை. அப்போதும் வீட்டுக்கு வரும்போது மாட்டிக்கொள்ளத் தனி கீபோர்டும் மவுஸும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பரண் மேல பழைய லேப்டாப் இருக்கா?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதன் பிறகு லட்சக்கணக்கான மாணவர்கள் கைக்கு லேப்டாப் வந்தது. மலைக் கிராமங்களிலும் பல வீடுகளில் அக்காவோ அண்ணனோ வாங்கியது பரணில் தூங்கிக்கொண்டிருக்கும். அதைத் தூசு தட்டி, ஒரு கடையில் காட்டிப் பாருங்கள். உயிர் இருந்தால், பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸை ஏற்றித் தருவார்கள். தனித் திரையும் கீபோர்டும் இணைத்துவிட்டால், கடிதம் அடிக்கவும் பாடம் பார்க்கவும் போதுமான டெஸ்க்டாப் தயார்! திரைக்கான காசும் வீண் இல்லை. நாளைக்குப் புதுப் பெட்டி வாங்கினாலும் அதே திரையை மாட்டிக்கொள்ளலாம்.

காசை எதுல போடணும்?

புதிதாகவே வாங்குகிறீர்களா? கையில் உள்ள பணத்தைப் பத்துப் பங்காகப் பிரியுங்கள். ஐந்து பங்கு பெட்டிக்கு. இரண்டரைப் பங்கு திரைக்கு. ஒரு பங்கு யு.பி.எஸ்.ஸுக்கு. மீதி ஒன்றரைப் பங்கு நாற்காலிக்கும் மேஜை விளக்குக்கும். நம் ஆட்கள் ஒன்பது பங்கைப் பெட்டியில் கொட்டிவிட்டு, உட்காருவதற்கு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார்கள். அங்கேதான் வம்பே ஆரம்பம்.

பெட்டியில் என்ன பார்ப்பது? படிப்பு, வங்கி வேலை, ஆன்லைன் வகுப்பு, படம் பார்ப்பது இவற்றுக்கு இன்டெல் கோர் ஐ-3 அல்லது ரைஸன் 3 ரகமே தாராளம். ராம் 8 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். 16 இருந்தால் பல வருடம் ஓடும். எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி.யாவது இருக்கட்டும். முடிந்தால் 512. தனி கிராஃபிக்ஸ் கார்டு, பெரிய விளையாட்டுகளுக்கும் வீடியோ எடிட்டிங், டிசைன் வேலைகளுக்கும்தான் தேவை.

திரை 22 முதல் 24 அங்குலம். 'ஐ.பி.எஸ்.' ரகமா, மினுமினுப்பு இல்லாத மேற்பரப்பா, உயரத்தை ஏற்றி இறக்க முடியுமா என்று கேளுங்கள். ஏற்றி இறக்க முடியாவிட்டாலும் கவலை இல்லை, பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டை அடியில் வைத்தால் ஆச்சு!

திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய 'ஆல் இன் ஒன்' பார்க்க அழகுதான். ஆனால் ஒன்று கெட்டால் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு, கையடக்கமான மினி பி.சி. மலைக்கு ரொம்பத் தோது. ரிப்பேர் என்றால் துணிப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டு போய்விடலாமே!

மலை வீட்டுக்குச் சில விசேஷங்கள்

'இவ்வளவு உயரத்துல கம்ப்யூட்டர் வேலை செய்யுமா?' என்று சிலர் கேட்பதுண்டு. பொதுவாக 3,000 மீட்டர் உயரம் வரை ஓடும்படிதான் இவற்றைத் தயாரிக்கிறார்கள். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். ஆகவே, உயரம் பிரச்னை இல்லை. மின்சாரமும் ஈரமும்தான் பிரச்னை.

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் வானம் பொத்துக்கொண்டு கொட்டும். ஒரு சில்வர் ஓக்கோ, கற்பூர மரமோ கம்பி மேல் சாய்ந்தால் போதும், ஊரே இருட்டு. வந்த பிறகும் வோல்டேஜ் ஏறி இறங்கும். ஆகவே, வோல்டேஜைச் சீர் செய்யும் வசதி உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். அது தருகிற பத்துப் பதினைந்து நிமிடம், செய்த வேலையைச் சேமித்துவிட்டு அணைப்பதற்கு. இன்வெர்ட்டர் உள்ளவர்கள் அதை யு.பி.எஸ். நிலைக்கு மாற்றி வையுங்கள். பிளக் பாயின்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். இடி இடித்தால் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும். மோடத்தின் பிளக்கையும் சேர்த்துத்தான்!

அடுத்து ஈரம். ஓதம் காத்த சுவரோரம் வேண்டாம். சமையல் ஆவி வரும் இடமும் வேண்டாம். பெட்டியைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மேஜை மேல் வையுங்கள். மேகம் உள்ளே நுழையும் நேரம் ஜன்னலைச் சாத்துங்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினம் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அதன் சூடே ஈரத்தை விரட்டும்.

ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். திரைக்குப் பின்னால் ஜன்னல் இருந்து, வெளியே மஞ்சு மூடினால், வெள்ளைத் துணியை விரித்தாற்போல் கண்ணைக் கூசவைக்கும்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். மார்கழிக் குளிரில் பிள்ளை ராத்திரி படிக்கிறதே என்று, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் கரிக்கணப்பு வைக்காதீர்கள்! கரி எரிவதால் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மயக்கம் வருவதே தெரியாமல் ஆளை முடித்துவிடும். கம்பளியும் காலுறையும் போதும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி எல்லா ஊர்க் கடைகளிலும், கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த பெட்டிகள் கிடைக்கின்றன. ஆனால் ஒன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஐ5-8500' என்று எழுதியிருந்தால், கோட்டுக்கு அடுத்த 8தான் தலைமுறை. அங்கே 4 என்றோ 6 என்றோ இருந்தால் லினக்ஸுக்கு ஆகும், விண்டோஸ் 11க்கு ஆகாது. வங்கிக் கணக்கைத் திறக்கிற கம்ப்யூட்டரில் இந்த விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

வாங்கியாச்சு... அப்புறம்?

திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. அதனால்தான் எரிச்சலும் உறுத்தலும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். நமக்கென்ன குறை? ஜன்னலைத் திறந்தால் எதிர் மலைச்சரிவு பூராவும் பச்சை! பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியே வெளிச்சத்தில் விளையாடட்டும். கிட்டப்பார்வை வருவதைக் குறைக்க அது உதவும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்ன யோசனை.

வாரம் இரண்டு முறை எண்ணெய் முழுக்கு நல்லதுதான். காய்ச்சல், சளி இல்லாத நாளில், வெயில் ஏறிய பிறகு, வெந்நீரில் குளியுங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். காலையில் தைலம் தேய்த்துவிட்டு, மாலையில் அதே கட்டிலில் அதே மாதிரி குனிந்தால், எந்தத் தைலமும் ஜெயிக்காது. கை மரத்துப் போவது, பிடி தளர்வது, வலி தோளிலிருந்து விரலுக்கு இறங்குவது, பார்வை மங்குவது இவற்றில் ஏதாவது இருந்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கடையில் இதைக் கேளுங்க

* ரிப்பேர் என்றால் ஆள் கீழ் கோத்தகிரி வரைக்கும் ஏறி வருவாரா? வருவார் என்றால் பில்லிலேயே எழுதிக் கொடுப்பீர்களா? (2009 நவம்பர் மழையில் மண் சரிந்து மலைப்பாதைகள் அடைபட்டது ஞாபகம் இருக்கட்டும். முடிந்தவரை பக்கத்து ஊர்க் கடையே மேல்.)

* வாரன்டி எத்தனை வருடம்? திரைக்கும் யு.பி.எஸ். பேட்டரிக்கும் தனித்தனியாக எவ்வளவு?

* ராமைப் பிற்பாடு கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா?

* தமிழ்99 விசைப்பலகையை அமைத்துக் காட்டுவீர்களா? (தமிழக அரசு 1999ல் ஏற்றுக்கொண்ட முறை இது. பழகிவிட்டால் தமிழில் கடகடவென்று அடிக்கலாம்.)

கடைசியாக, அந்த நாற்காலியில் யார் உட்காரப் போகிறாரோ அவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி, அளந்து பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்!