சொந்த வார்த்தையில் எழுதினாலும் காப்பியா? ஆய்வேடு எழுதுவோர் கவனத்துக்கு...

பிராஜெக்ட் சமர்ப்பிக்கும் சீசனில் காந்திபுரத்தில் ஏதாவது ஒரு பைண்டிங் கடை முன்பு ஐந்து நிமிடம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும்: "உனக்கு எத்தனை பர்சன்ட் வந்துச்சு?" சாஃப்ட்வேர் காட்டும் ஒற்றுமை சதவீதம்தான் அது. பத்துக்குள் வந்துவிட்டால் நிம்மதி.

அந்தப் பத்து, யுஜிசி 2018-ல் கொண்டுவந்த விதிமுறையில் இருந்து வருகிறது. ஆய்வேட்டில் 10% வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 40% வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60% வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைத் தரவே முடியாது. அதையும் தாண்டினால் பதிவு ரத்து.

ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று: அடுத்தவரின் கருத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதும் அதே விதிமுறைப்படி திருட்டுதான். சாஃப்ட்வேர் பெரும்பாலும் பிடிப்பது வார்த்தைகளை. வாக்கியத்தை மாற்றித் தரும் டூலில் போட்டு எடுத்தால் பர்சன்ட் குறையும், அவ்வளவுதான்.

நம்ம ஊர் உதாரணமே பார்ப்போம். 'பைகாரா நீர்மின்சாரம் வந்ததால்தான் 1930-களில் கோவையில் மில்கள் பெருகின' என்று இணையக் கட்டுரை ஒன்றில் படிக்கிறீர்கள். அதை 'கோவையின் பஞ்சாலை வளர்ச்சிக்கு உந்துதல் தந்தது பைகாரா மின்திட்டம்' என்று மாற்றி எழுதுகிறீர்கள். வார்த்தைகள் உங்களுடையவை. ஆனால், இதனால்தான் அது நடந்தது என்ற வாதம் அவருடையது. எனவே அந்த வாக்கியத்திலேயே அவர் பெயரும் ஆண்டும் வர வேண்டும். 'கோவையில் பஞ்சாலைகள் அதிகம்' என்று மட்டும் எழுதினால் யாரையும் சுட்டத் தேவையில்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது.

ஏபிஏ முறையில், சொந்த வார்த்தையில் எழுதும்போது பக்க எண் கட்டாயம் இல்லை. எழுதியவர் பெயர், தேதி, தலைப்பு, தளத்தின் பெயர், லிங்க் ஆகியவை கடைசிப் பட்டியலில் வரும். பெயர் போடாத கட்டுரை என்றால் வெளியிட்ட அமைப்பின் பெயர். அதுவும் இல்லையென்றால் தலைப்பு முதலில். 'கூகுள்' என்று மட்டும் போடுபவர்களும் இருக்கிறார்கள்! கூகுள் தேடித் தந்தது, எழுதியது இல்லையே.

இன்னொரு பொறி: அந்த இணையக் கட்டுரை ஒரு புத்தகத்தை மேற்கோள் காட்டினால், படிக்காத அந்தப் புத்தகத்தை நேரடியாகப் படித்ததுபோல் போடாதீர்கள். எந்தக் கட்டுரை வழியாகக் கிடைத்ததோ, அதையும் சொல்லுங்கள்.

இணையப் பக்கம் நாளைக்கே மாறலாம். விக்கிப்பீடியா என்றால், பக்க வரலாற்றில் நீங்கள் படித்த பதிப்புக்கே தனி லிங்க் கிடைக்கும். மற்ற பக்கங்களைப் படித்த அன்றே வேபேக் மெஷினில் சேமித்து, அந்த லிங்க்கைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். இலவசம்தான்.